அரைமணி நேரத் தூரம்

பழைய மின்சாரக் காரைப் பார்க்க மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார் அச்சக மேலாளர்.

"பேட்டரி கொஞ்சம் தேஞ்சிருக்கு சார். தினமும் எவ்வளவு தூரம் போவீங்க?" என்று கேட்டார் தரகர்.

கூட்டிச் சொன்னால் இந்தக் கார் சரிப்படாது என்றாகிவிடும். "போக வர முப்பது கிலோமீட்டர்," என்று முணுமுணுத்தார் மேலாளர்.

"அப்ப தாராளமா போதும். அரைமணியில வீட்டுக்கு வந்துடலாம்!"

மனைவி திரும்பிப் பார்த்தாள். வேலையிலிருந்து வீடு வர இரண்டு மணி நேரமாகிறது என்று அவளிடம் வருஷக்கணக்காகச் சொல்லி வந்திருந்தார். பிள்ளைகள் தூங்கும்வரை பூங்கா பெஞ்சில் போனை நோண்டிக்கொண்டிருந்ததை எந்த வாயால் சொல்வது? அவர் கூனிக் குறுகிப் போனார்.

"வாங்கிடலாங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "இனிமே பெரியவளுக்கு நீங்களே கணக்குச் சொல்லிக்கொடுங்க."

அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.