பொட்டு வைத்த சூளை

கலியமூர்த்திக்கு முந்திரி வறுக்கத் தெரியும். அதனால் நெருப்பு சம்பந்தப்பட்ட எல்லாமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அண்ணாகிராமத்தில் முந்திரி வியாபாரம் படுத்ததும், கீரப்பாளையத்தில் கொட்டகை போட்டு, மண் கோப்பை சுட கேஸ் சூளை ஒன்றை வாங்கினார்.

செராமிக் டிப்ளமோ படித்த பொன்னி அங்கே கோப்பை செய்தாள். அண்ணாமலை நகரில் டீக்கடை திறக்கப் போகும் ஜான்சி அவளுக்கு முதல் ஆர்டர் கொடுத்திருந்தாள். "நல்லா வந்தா இனிமே எல்லாமே உங்கிட்டதான்" என்றும் சொல்லியிருந்தாள். பொன்னி தனியாகத் தொழில் தொடங்க அது போதும்.

2009 ஆயுத பூஜை. கலியமூர்த்தியின் மச்சான் தமிழ்மணி சூளையைக் கழுவினான். அதோடு விட்டிருக்கலாம். உள்ளே சூட்டை அளக்கும் கம்பியையும் உருவி, புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துச் செருகினான். முழுசாகச் செருகினால் பொட்டு மறைந்துவிடுமாம். முக்கால்வாசி கம்பி வெளியே நின்றது. அதன் மேல் மாலை வேறு.

மறுநாள் ஜான்சியின் கோப்பைகளை அடுக்கிச் சூளையைப் பற்றவைத்தார்கள். அந்த மண்ணுக்கும் மேலே பூசிய பளபளப்புப் பூச்சுக்கும் ஆயிரத்து ஐம்பது டிகிரி போதும். மீறினால் பூச்சு ஒழுகும், மண் குழையும். பொன்னி பார்வைத் துளையில் கண் வைத்தாள். சரியான சூட்டில் வளைவதற்கென்றே உள்ளே நிறுத்தியிருந்த சின்ன கோன் தலைகுப்புறச் சாய்ந்திருந்தது. அளவுக் கம்பியோடு இணைத்த மீட்டரோ எண்ணூற்றைம்பது காட்டியது.

"சார், கேஸை அணைங்க. கோன் வளைஞ்சிடுச்சு."

"மீட்டரைப் பாரும்மா. இன்னும் எவ்ளோ போவணும்."

பொன்னி மாலையை விலக்கினாள். கம்பி பொட்டும் பூவுமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தெருவுல நின்னுக்கிட்டு உள்ள அடுப்பு எரியுதான்னு கேக்குறீங்க சார்."

"பூஜை போட்டதைக் கலைக்கக் கூடாது" என்றான் தமிழ்மணி. "மாமா முந்திரி வறுத்த கை. வாசனையிலயே பதம் சொல்லிடுவாரு."

"அப்ப மோந்து பாத்துச் சொல்லட்டும்."

சிலிண்டர் பக்கம் போன பொன்னியைக் கலியமூர்த்தி மறித்தார். "சூளை யாருது? சூடு ஜாஸ்தியானா பளபளப்பும் ஜாஸ்தி. போயி ஒக்காரு."

மீட்டர் ஆயிரத்து ஐம்பதைத் தொடும்வரை எரித்தார்.

ஆறியபின் கதவைத் திறந்தபோது ஜான்சியும் வந்திருந்தாள். கோப்பைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, குழைந்து, தட்டோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

"மண்ணு சரியில்ல" என்றார் கலியமூர்த்தி.

"புது டிசைன்னு சொல்லிடலாம் மாமா" என்றான் தமிழ்மணி.

"இதுல டீ ஊத்தினா வேட்டிதான் குடிக்கும்" என்ற ஜான்சி பொன்னியிடம் திரும்பினாள். "அடுத்த வாரம் கடை திறக்குறேன். முடியுமா, முடியாதா?"

"முடியும்."

முதல் சூடு மட்டும் முடிந்து பூச்சுக்குக் காத்திருந்த கோப்பைகள் மிச்சமிருந்தன. அவற்றைப் பெட்டியில் அடுக்கி, பூச்சு வாளியோடு ஆட்டோவில் ஏற்றினாள் பொன்னி.

"எங்கம்மா தூக்கிட்டுப் போற?" என்றார் கலியமூர்த்தி.

"விருத்தாசலம். வாடகைக்குச் சூளை கெடைக்குது. அங்க கம்பியை உள்ள வைப்பாங்க."

ஜான்சியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது கலியமூர்த்தி மச்சானை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"பூஜையில என்னமோ கொறை வச்சிருக்க. எலுமிச்சம்பழம் நறுக்கினியா, இல்லையா?"