ஜஹனாரா வீட்டு வழியாகப் போகும் மாடிப்படி

ஆழ்வார்பேட்டையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் மாடிப்படி, ஒரு வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, தரைத்தளத்தில் குடியிருக்கும் ஜஹனாராவின் முன்னறைக்குள் வந்து நின்றது. ஐம்பத்து நான்கு படிகள், இரும்புக் கைப்பிடி, முதல் திருப்பத்துச் சுவரிலிருந்த வெற்றிலைக் கறை, எதுவும் குறையவில்லை. சோபாவும் டிவியும் ஓரமாக ஒதுங்கி இடம் விட்டிருந்தன. வெளியே படி இருந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. அன்று தக்காளி கிலோ முப்பது ரூபாய். டீ குடித்துக்கொண்டிருந்த ஜஹனாராவின் கணவர் ஹபீபுர் ரஹ்மான், சாப்பாட்டுப் பையுடன் இறங்கி வந்த முதல் மாடிக்காரரைப் பார்த்து, "வாங்க" என்றார். வந்தவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைக் கடந்து ஆபீசுக்குப் போனார்.

ஜஹனாரா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில், செய்து முடித்த பாகங்களை அளந்து பார்ப்பவள். ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் ஒதுக்கிவிடுவாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், படிக்குப் புது டைல்ஸும் விளக்கும் போட வேண்டும், அதனால் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை கூடும் என்று செயலாளர் கதிரேசன் படித்தபோது அவள்தான் எழுந்தாள்.

"நான் கீழ் வீடு. அந்தப் படியில கால் வெச்சு வருசமாச்சு. ஏறாத படிக்கு நான் இன்னாத்துக்குக் குடுக்கணும்?"

"படி, மொட்டை மாடி, மோட்டார், சாக்கடைக் குழாய், எல்லாத்துலயும் பன்னெண்டு வீட்டுக்கும் பங்கு கீதும்மா. பத்திரத்துலயே எழுதிக்கீது" என்றார் கதிரேசன்.

"பங்கு கீதுன்னா எங்க கீது? என் பங்கைக் காட்டுங்க பாப்போம்."

கதிரேசன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான்காம் நாள் படி வந்தது. பொறியாளர் ஒருவர் வந்து தூண்களைத் தட்டிப் பார்த்து, கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தார். மேல்மாடிக்காரர்கள் பால் வாங்கவும் குப்பை கொட்டவும் அவள் வீட்டுக்குள் போய் வந்தார்கள். ஜஹனாரா இரண்டு நாள் கத்திப் பார்த்தாள். திங்கட்கிழமை, கணவர் தி.நகர் கடைக்குக் கிளம்பியதும், வீட்டை வெளியில் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஒன்பதேகாலுக்குக் கதிரேசன் மேலே தன் வீட்டிலிருந்தே போன் செய்தார். மூன்றாம் மாடி ஆரோக்கியமேரிக்கு அன்று பத்து மணிக்கு அடையாறு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் நாள். ஒரு தடவைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை பட்டறையில் பாதி வேலையில் எழுந்தே அறியாத ஜஹனாரா ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். கதவைத் திறந்தபோது, தலையில் துணி கட்டிய ஆரோக்கியமேரி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு மடியில் இருந்தது. கால் தரையில் படவில்லை.

"மூச்சு வாங்குதே, சோபால உக்காரக் கூடாதாக்கா?"

"அது உன் வீடும்மா. படி மட்டுந்தான பொது" என்றாள் ஆரோக்கியமேரி.

ஜஹனாரா அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து அதே ஆட்டோவில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். வழியில் ஆரோக்கியமேரி வெளியே பார்த்தபடி, குறை சொல்லும் குரலே இல்லாமல் பேசினாள். "வெள்ளம் வந்த வருசம் உன் வீட்டுல இடுப்பளவு தண்ணி. அஞ்சு நாள் மோட்டார் வெச்சு எறைச்சோமே, அதுக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் குடுத்தோம். மூணாவது மாடிக்கு எங்கம்மா தண்ணி ஏறுது?" அந்த ஐந்து நாளில் மொட்டை மாடியில் படுத்ததும், மேல் வீடுகளில் சாப்பிட்டதும் ஜஹனாராவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. யார் மோட்டார் வைத்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அரை மணி தாமதம்தான், மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம்வரை ஜஹனாரா பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

அடுத்த மாதம் முழுத் தொகையும் கொடுத்தாள். படி அசையவில்லை, போகச் சொல்லி அவளும் கேட்கவில்லை. பதினொரு வீடுகளுக்கும் மாற்றுச் சாவி போயிற்று. முன்னறை விளக்கும் பெருக்கும் வேலையும் சங்கத்தின் பொறுப்பில் சேர்ந்தன. மறுவருடம் படிக்குச் சாயம் அடித்தபோது அறைக்கும் சேர்த்தே அடித்தார்கள். நிறத்தை ஓட்டெடுத்து முடிவு செய்ததில் ஜஹனாரா இரண்டுக்குப் பத்தாகத் தோற்றாள். ஆரோக்கியமேரிக்கு முடி திரும்ப முளைத்தது, கொஞ்சம் சுருட்டையாக.

சென்ற தை மாதம் இரண்டாம் மாடிக்கு அனிருத் என்பவர் வாடகைக்கு வந்தார். சாமான் வண்டி தெருவில் நிற்க, ஜஹனாரா வீட்டுக்குள் நுழைந்து படியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "பீரோ திரும்புமா?" என்று கேட்டார்.

"திரும்பும். கொஞ்சம் சாய்ச்சுப் புடிக்கச் சொல்லுங்க" என்ற ஜஹனாரா, டீப்பாயை நகர்த்தி வழி விட்டாள்.