ஆவாஞ்ச் அரங்கில் பெண் பார்த்தது

வாசல் பக்கத்தில், கீழிருந்து நாலாவது கல்வரிசையில் நான். எனக்கு இடப்புறம் என் அண்ணையின் மகள், பெறாமகள் சிவமலர். அவளுக்கு அங்கால் தமையன் சிவநேசன், மடியில் சோற்றுப் பொதி. எதிர்ப்புறம், வெயில் விழுந்த வரிசையில், பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் யோகராஜாவும் அவனது அத்தான் பத்மநாதனும். இடையில் ஆவாஞ்ச் ஊரிலுள்ள ரோமர் காலத்து அரங்கின் வெறுந்தரை.

அண்ணைக்கு எழுதவேண்டிய கடிதத்துக்காக இப்படித்தான் மனதில் குறித்துக்கொண்டேன். சித்தப்பனான நான் பார்த்து எழுதுவதை வைத்து ஆவணியில் சிவமலருக்கும் யோகராஜாவுக்கும் கலியாணத்துக்கு நாள் குறிப்பதாக அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அறிவித்திருந்தார். ஊரென்றால் கோயில் வீதியில் தற்செயலாகக் கண்டதுபோலப் பெண்ணைக் காட்டியிருப்போம். இங்கே வெளிநாட்டில் கோயிலுக்கு எங்கே போவது? கோடை விடுமுறைதானே, ஆவாஞ்ச் அரங்கைப் பார்க்கப் போவோம் என்றான் சிவநேசன். சிவமலருக்கு எதுவும் சொல்லவில்லை. பொருந்தாமல் போனால் அவள் மனம் நோகுமாம்.

நடுவில் நின்று பார்த்தால் வடிவாகத் தெரியும் என்று தங்கையைக் கீழே அனுப்பினான். சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அவள் போய் நின்றாள். எதிரே பத்மநாதன் விரலால் ஒரு சுற்றுக் காட்டினார். சிவநேசன் அவளை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னான்.

திரும்பியவள் அந்த விரலைக் கண்டாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

“அண்ணா, இதுக்கோ என்னைச் சீலை உடுக்கச் சொன்னனீங்கள்?”

“சத்தம் போடாத. சனம் பாக்குது.”

“பாக்கத்தானே கூட்டியந்தனீங்கள்.”

அவள் உரத்துப் பேசவில்லை. ஆனாலும் எதிர்வரிசைக்குக் கேட்டது. யோகராஜாவை நோக்கி, “நீங்கள் கொஞ்சம் இறங்கி வாங்கோ. நானும் பாக்கவேணும்” என்றாள்.

பத்மநாதன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் வராவிட்டால் சம்பந்தம் அன்றோடு சரி. சிவநேசன் என் காதருகே, அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

யோகராஜா அத்தானின் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தான். அவன் நடுவுக்கு வர, அவள் மேலேறி என் பக்கத்தில் வந்து இருந்தாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் நின்றான்.

“பெண் பாக்கிறதெண்டு உங்களுக்கு முன்னமே தெரியுமோ?” என்று அவள் கேட்டாள்.

“ஓம். உங்களுக்கும் தெரியும் எண்டுதான் சொன்னவை.” அத்தானை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டான்: “திரும்பிக் காட்டவோ?”

“வேண்டாம்” என்றாள். உதட்டோரம் சிரிப்பு வந்து போனது.

பத்மநாதன் ரயிலுக்கு நேரமென்று எழுந்து போனார். யோகராஜா போகவில்லை. சோற்றுப் பொதியைப் பிரித்தபோது சிவமலர் என்னிடம் சொன்னாள்:

“சித்தப்பா, எனக்குச் சம்மதம் எண்டு எழுதிப்போடாதேங்கோ. இவரோட நாலு தரம் கதைச்சிட்டு நானே எழுதுறன்.”

ஆவணி தப்பிவிடும் என்று சிவநேசன் முறைத்தான். யோகராஜா தலை நிமிராமல், தனக்கும் அதுதான் நல்லது என்றான்.

நாங்கள் இருக்கும் ஃப்ரிபூர்க் திரும்பியதும் எழுதினேன். யார் எங்கே இருந்தோம் என்பதில் தொடங்கி நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி, இப்போதைக்கு நாள் வைக்கவேண்டாம், மிச்சத்தை மகளே எழுதுவாள் என்று முடித்தேன். பெண்ணுக்கு விருப்பம்போலத்தான் தெரிகிறது என்று ஒரு வரி சேர்க்கும்படி சிவநேசன் மேசையருகே நின்று கெஞ்சினான்; நான் சேர்க்கவில்லை.

சிவமலர் வாசித்துப் பார்த்துச் சரியென்று தலையசைத்தாள். நீல விமானக் கடிதத்தை மடித்து ஒட்டி, ஸ்டேஷன் வாசலில் இருந்த மஞ்சள் தபால் பெட்டியில் போட்டேன்.