சந்திவரை ரிவேர்ஸ்

வீட்டுப் படலையைத் தாண்டி காரின் பின்பக்கம் குறுகிய ஒழுங்கைக்குள் வந்ததும் தம்பிராசா கியர்த் தடியை முதலாம் கியருக்கு இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தடி ரிவேர்ஸிலேயே இறுகிக் கிடந்தது. கிளச்சை மெல்ல விட்டால் கார் மறுபடியும் பின்னுக்கே போனது. பின் சீற்றில் தலையணையோடு சாய்ந்திருந்த அவர் மனைவி பூரணத்துக்கு முதலில் வந்தது சந்தோசம். கொஞ்சமும் வெட்கமில்லாத சந்தோசம்.

கிழமைக்கு இரண்டு நாள் வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஊசி ஏறி ஏறி அவளுடைய இடதுகை புடைத்துப்போயிருந்தது. வந்த அன்று படுக்கை, அடுத்த நாள் கொஞ்சம் எழும்பி நடமாட்டம், அதற்குள் திரும்பவும் போகிற நாள் வந்துவிடும். இதெல்லாம் போதும் என்று அவள் மாசியிலேயே முடிவெடுத்துவிட்டாள். மனுசனிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி. அவள் வாயெடுக்கும் போதெல்லாம் அவருக்குத் துவாய் காணாமல் போய்விடும், இல்லையென்றால் தண்ணீர்ப் போத்தல் காணாமல் போய்விடும்.

"இஞ்சேருங்கோ, காருக்கே ஏலாதாம். இண்டைக்கு விடுங்கோவன்."

"விசர்க்கதை கதையாதை," என்றபடி இறங்கிப்போய் பொனற்றைத் திறந்தார்.

கியர்த் தடியிலிருந்து இறங்குகிற இரண்டு கம்பிகளும் அடியில் ஒன்றோடொன்று கொழுவிக் கிடந்தன. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார், தட்டினார், காரை முன்னும் பின்னும் தள்ளி ஆட்டினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருக்கிற சுஹைருக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மட்காட்டின் மேல் வைத்தார்.

"அண்ணை, திரும்பவும் செருப்போ?" என்றான் சுஹைர், எடுத்த எடுப்பில்.

சண்டைக் காலத்தில் சாமான் வராதபோது ஊரில் பலர் செய்த கைவேலை அது. கம்பி பொருந்துகிற இடத்தில் இருக்கிற புஷ் வளையம் தேய்ந்தால் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் செருகிவிடுவார்கள். பாதை திறந்து எல்லாச் சாமானும் வந்து, மற்றவர்கள் எப்போதோ அதை மறந்துவிட்டார்கள். இவர் மட்டும் செருப்பை விடவில்லை. வீட்டில் ஒரு சோடி பிய்ந்தால் அது குப்பைக்குப் போகாது, காருக்குத்தான் போகும்.

"நல்லாத்தானே ஓடினது?"

"எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிக் கிழிஞ்சிடும் அண்ணை. கழட்டாமல் கம்பி விடாது. நான் வர மத்தியானமாகும். ரிவேர்ஸ் வேலை செய்யுதோ?"

"அது மட்டும்தான் செய்யுது."

"அப்ப என்ன, சந்திமட்டும் அப்பிடியே போங்கோ," என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். தம்பிராசா பகிடி விளங்குகிற நிலையில் இல்லை. தெரிந்த ஓட்டோக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போயிருந்தார். பிந்திப் போனால் ஆஸ்பத்திரி மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். சந்தியில் எப்போதும் ஓட்டோ நிற்கும், ஆனால் அவ்வளவு தூரம் பூரணத்தால் நடக்க ஏலாது. அவர் ஏறி, காரின் பின்பக்கத்தைச் சந்திப் பக்கம் வளைத்தார்.

"என்னையும் உப்பிடித்தான் செருப்பு வெட்டிப் போட்டு ஓட்டுறியள்," என்றாள் அவள்.

இடதுகையை முன் சீற்றின் மேல் போட்டு, முழுக்கத் திரும்பி, பின் கண்ணாடியைப் பார்த்தபடி ஓட்டினார். இவ்வளவு நாளும் இந்தப் பயணத்தில் அவள் பார்த்தது அவருடைய பிடரியை மட்டும்தான். இப்போது முகம் எதிரே இருந்தது. சவரம் செய்யாத நாடி, கண்ணுக்குக் கீழே கறுப்பு. இந்த மனுசன் என்னைவிடக் களைத்துப்போனாரே என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் இன்றைக்கு விட்டால் இனிச் சொல்ல முடியாது.

"எனக்குக் காணும், போதும்."

"என்ன காணும்?"

"உந்த ஊசியும் மெஷினும். இனி என்னாலை ஏலாதப்பா."

இந்த முறை அவருக்குத் துவாய் தேட வழியில்லை. முகத்தைத் திருப்பினால் கார் வேலிக்குள் போய்விடும். வேலிக் கிளுவங் கொப்புகள் கதவை உரசிக்கொண்டு போயின.

"தெரியும்," என்றார். "கன நாளாத் தெரியும். நீ சொல்லிப்போட்டா, பிறகு நான் என்னெண்டு உன்னை ஏத்திக்கொண்டு போறது? அதுதான் சொல்ல விடேல்லை."

அவர் வாய் கோணியது. கண் நிரம்பி வழிந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றது சீற்றில். துடைக்கக் கை இல்லை. கார் நெளிந்து வேலிப் பக்கம் போக, சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

"ஒண்டும் தெரியேல்லை. உன்ரை தலை மறைக்குது."

அவள் தலை மறைக்கவில்லை. அவள் எப்போதோ யன்னலோரம் சாய்ந்துவிட்டிருந்தாள். சந்திக்கு இன்னும் பாதி ஒழுங்கை இருந்தது.

பூரணம் தலையணையைத் தள்ளிவிட்டு, நோகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லப் பின்பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது.

"நான் பாத்துச் சொல்லுறன். வரட்டும்," என்றாள். கார் அசைந்தது. "கொஞ்சம் வலப்பக்கம்... ஓம். வரட்டும்... வரட்டும்..."