சாப்பிட்டீங்களா என்று கேட்ட நர்ஸ்

ரத்த வங்கி நர்ஸ் தினமும் லிஃப்ட்காரனிடம், "சாப்பிட்டீங்களா? நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்பாள். இது காதல் இல்லாமல் வேறென்ன என்று அவன் தலைகால் தெரியாமல் திரிந்தான். அதே கேள்வியை எக்ஸ்ரேக்காரனிடமும் கேட்கிறாள் என்று தெரிந்த நாள்முதல் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். எக்ஸ்ரேக்காரன் ஏறினால் லிஃப்ட் அவன் கேட்ட மாடியில் நிற்கவே நிற்காது.

ஒரு காலையில், பிரசவமான ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நர்ஸ் ஓடிவந்து இருவரையும் கையோடு இழுத்துப்போய் அடுத்தடுத்த கட்டிலில் படுக்கவைத்தாள்.

"இங்க வேலை பார்க்கிறவங்கள்ல ஓ நெகட்டிவ் நீங்க ரெண்டு பேருதான். இப்படி ஒரு நாளுக்காகத்தான் உங்களைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கிட்டேன்!"

லிஃப்ட்காரன் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்துக் கட்டிலிலும் அதே கதைதான்.

மதியம் இருவரும் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார்கள். காகிதமாய் வெளுத்திருந்த அந்தத் தாயின் முகத்தில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. அவள் கண் திறந்து குழந்தையைத் தேடினாள். லிஃப்ட்காரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அடேயப்பா, இங்கிருந்தா போனது அந்த உயிர்!

"அதுல உன்னோடது எது, என்னோடது எது?" எக்ஸ்ரேக்காரன் கிசுகிசுத்தான்.

"இனிமே பிரிக்க முடியாதுடா."

லிஃப்ட்காரன் அவனை ஏற்றிப்போய், கேட்ட மாடியிலேயே முதன்முறையாக நிறுத்தினான். கதவு மூடுவதற்குள் கேட்டான்: "சாப்பிட்டியா?"