பலூன் எழும்பிய வியாழக்கிழமை

தொண்ணூற்றோராம் ஆண்டு அது. சண்டையால் கொழும்பு லொறிகள் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்த ரபீக்காவிடம் கோதுமை மா மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஈஸ்ட் பேணி மட்டும் காலி. ஈஸ்ட் இல்லாத மாவைப் போறணை அடுப்பில் வைத்தால் மெத்தென்ற பாண் வராது, செங்கல்தான் வரும்.

கிண்ணியாவிலிருந்த அவளுடைய அண்ணன், கலீலுர் றஹ்மான் நானா, சொல்லி அனுப்பிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் பாண் போடாவிட்டால் கடையைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்து இரு. ரபீக்காவுக்கு நானா என்றால் உயிர்தான். ஆனாலும் பார்த்துப் பார்த்துக் கட்டிய போறணையை விட்டுவிட்டு, மதினியின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு காலந்தள்ள அவளால் ஏலாது.

ஆகவே தானே ஈஸ்ட் வளர்க்கப் புறப்பட்டாள். உலர்ந்த திராட்சையின் தோலில் ஈஸ்ட் ஒட்டியிருக்கும் என்று கேள்விப்பட்டு, அந்த முந்திரிகை வற்றலைச் சீனித் தண்ணீரில் ஊறவைத்தாள். முதல் பானை நுரைக்கத் தொடங்கிப் பிறகு படுத்துவிட்டது. இரண்டாவதும் அதே கதை. செவ்வாய்க்கிழமை மூன்றாவதும் அடங்கிப்போனபோது அவள் அழுதே விட்டாள்.

அந்நேரம் பார்த்துப் பாண் கேட்டு லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினாள் புஷ்பவதி. பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவள். அழுகிறவளைத் தேற்றுவதற்கு முன்பே பானைக்குள் மூக்கை விட்டாள். இரசாயன ரீச்சர்மாரின் குணம் அப்படி.

"உள்ளுக்கு எண்ணெய் பூசினீங்களா?"

"ஓம் ரீச்சர், ஒட்டாம இருக்க. பாண் தட்டுக்கு எப்பவும் பூசுறதுதானே."

பூசியது பழைய தேங்காயெண்ணெய், காறிச் சிக்கு வாடை அடித்தது. வெறும் பானைக்கு நல்ல எண்ணெயை வீணாக்கும் ஆளா ரபீக்கா?

"அங்கதான் பிழை" என்றாள் புஷ்பவதி. "எண்ணெய் காறினா கொழுப்பமிலம் பிரியும். ஈஸ்ட் உயிருள்ள சாமான். தின், வளர் எண்டு அதுக்குள்ள சேதி கொண்டு போறது கல்சியம். இந்த அமிலம் உள்ளுக்குப் பூந்து அந்தச் சேதியைக் குழப்பிப்போடும். என்ன செய்யிறதெண்டு தெரியாம அது வளராம நிண்டிடும்."

"அப்ப எல்லாம் செத்துப்போச்சா?"

"கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். வெத்திலைச் சுண்ணாம்பு இருக்கா? அதுலயும் கல்சியம்தான். அமிலத்தைப் பிடிச்சு அடியில இருத்திப்போடும்."

ரபீக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. புஷ்பவதி விடவில்லை. எண்ணெய் படாத இரண்டு போத்தல்களில் பானைத் தண்ணீரைச் சீனியோடு ஊற்றினாள். ஒன்றில் மட்டும் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் நாலு சொட்டு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் மிஞ்சிய பலூன்களைப் போத்தல் வாய்களில் மாட்டி, "ஈஸ்ட் உயிரோட இருந்தா வாயு விட்டு இதை ஊதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை முழுக்க இரண்டு பலூனும் தலை தொங்கியபடி கிடந்தன. ரபீக்கா நாழிகைக்கொரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். வியாழன் காலையில் எட்டிப் பார்த்தாள். சுண்ணாம்புப் போத்தலின் பலூன் ஊதி நிமிர்ந்து நின்றது. மற்றது அப்படியே கிடந்தது. சந்தோசத்தில் முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் போறணையைச் சுற்றி இரண்டு முறை ஓடினாள். பிறகு அந்தப் போத்தல் தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கி மாக் குழைக்க உட்கார்ந்தவள் அன்றைக்கு எழும்பவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை நானா வந்தார், தோளில் வெறுஞ்சாக்கும் கயிறுமாக. கடை வாசலில் சனம். முன்னுக்குப் போகப் பார்த்தவரை, "வரிசையில வாங்க" என்று ஆரோ பின்னுக்குத் தள்ளினார்கள். தங்கச்சியின் கடையில் அரை மணித்தியாலம் நின்றுதான் அவருக்கு முறை வந்தது.

"சாக்கு எதுக்கு நானா?"

"உன்ட சாமான் கட்ட" என்றார், அவளை நேரே பார்க்காமல்.

ரபீக்கா அதை வாங்கிச் சுடச்சுடப் பாணால் நிரப்பி, அவர் கொண்டுவந்த கயிற்றாலேயே வாயைக் கட்டிக் கொடுத்தாள்.

"மதினிக்குச் சொல்லுங்க, வெங்காயத்தை அவவே உரிக்கட்டும்."