குடமில்லாமல் போனவள்

இருளாயி குதிக்கப் போன கிணறு நகர்ந்து போனது. பேரையூருக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில், 1936 ஆடியில் நடந்தது இது. அந்த வருஷம் கம்பும் சரியாக விளையவில்லை.

கிணறு அவள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் காலடியில் இருந்தது. கைப்பிடிச்சுவர் கிடையாது. ஏற்கெனவே இரண்டு பெண்கள் அதில் விழுந்து போயிருந்தார்கள். இரண்டு தடவையும் ஊர் கூடித் தண்ணீரை இறைத்துக் கொட்டி, பொங்கல் வைத்து, "போகணும்னு நெனச்சவள யாரு தடுக்க முடியும்" என்று சொல்லிக் கலைந்தது. சுவர் எழுப்பக் கல்லுக்குப் பஞ்சமில்லை, யோசனைக்குத்தான் பஞ்சம். அப்போது ஊர் ஆண்களின் கைரேகையைப் பதிந்து வைக்கும் ரேகைச் சட்டம் இருந்தது. ஆண்கள் பொழுது சாய்ந்தால் போலீஸ் கச்சேரிக்குப் போய்ப் படுக்க வேண்டும், ஊர் எல்லை தாண்டச் சீட்டு வாங்க வேண்டும். திருமங்கலத்தில் இருளாயியின் தாய் செத்தபோது புருஷன் விருமாண்டிக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. பெண்ணைத் தனியே அனுப்பும் வழக்கமும் இல்லை. தாய் முகத்தைப் பார்க்காமலே எல்லாம் முடிந்துபோனது. அதன்பின் அவள் அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், திறந்து கிடந்தது கிணறு ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் கதவைத் திறந்து இறங்கினாள். கிணறு பின்வாங்கியது. அவள் நடக்க நடக்க அதுவும் தெரு வழியே, களத்துமேடு வழியே போயிற்று. ஊரார் கிணற்றுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். கிளம்பிப் போகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பதால் அவளை யாரும் கேட்கவில்லை. கிணறு சீட்டில்லாமல் எல்லை தாண்டியதைக் காவல்காரர் பார்த்தார். அதன் ரேகை பதிவாகவில்லை என்பதால் விட்டுவிட்டார். வெயிலில் வெகுதூரம் போனபின், கருவேலங்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அடுத்த ஊர் ராமக்காள் எதிர்ப்பட்டாள். சகுனம் பார்க்காத பெண்.

"எங்க தாயி போற?"

"கெணத்துக்கு."

"கொடம் எங்க?"

இருளாயி தன் கைகளைப் பார்த்தாள். "கொண்டாரல" என்றவள் அப்படியே உட்கார்ந்து, தாய் செத்ததிலிருந்து வராத அழுகையெல்லாம் அழுதாள். ராமக்காள் கலயத்துக் கூழைக் கொடுத்து, "அழு தாயி, நான் எங்கயும் போகல" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடுகள் யார் கொல்லையிலோ மேய்ந்தன. பொழுது இறங்க, அவளே வீடுவரை கொண்டுவந்து விட்டாள். குதிக்கப் போன வேகம் வழியிலேயே கரைந்திருந்தது. துக்கம் கரையவில்லை, அதுவும் அவளோடு வீடு திரும்பியது.

கிணறு கருவேலங்காட்டிலேயே நின்றுவிட்டது. ஊர்ப் பெரியவர் மொக்கையன் மாடுகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தார், வடம்தான் அறுந்தது. "அது அங்கனயே கெடக்கட்டும், அம்புட்டுத் தூரமும் நடந்தே தண்ணி எடுத்துட்டு வாரோம்" என்றார்கள் பெண்கள். சுற்றிச் சுவரும் எழுப்ப வைத்தார்கள். போகிறவள் வேறு வழி தேடிக்கொள்வாள் என்று சொன்னவர்கள் காத்திருந்தார்கள். வருஷங்கள் ஓடி ரேகைச் சட்டமே போய்விட்டது. அந்த ஊரில் ஒருத்தியும் அப்படிப் போகவில்லை.

அதன்பின் அங்கே கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் எங்கே என்று கேட்டுவிடுவார்கள். சகுனம் தெரியாத ஊர் என்று வெளியூரில் பேச்சு. இருளாயிதான் முந்திக்கொண்டு கேட்பாள். வெறுங்கையோடு போகிறவர்கள் என்றால், பதில் வரும்வரை வழி விடமாட்டாள்.